கானாடுகாத்தானில் சாயங்கால டீ பார்ட்டி: வெயிலும் அடிக்கும், மழையும் கொட்டலாம், என்ன கட்டிக்கொண்டு போவது?

செக்காலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பங்குனிக் கடைசிச் சனிக்கிழமை கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, ஒரு டீ பார்ட்டி வைக்கிறார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்து. அங்கே வசந்தம் வந்தால் தோட்டத்தில் மேஜை போட்டு, பூப்போட்ட கவுனும் தொப்பியுமாக உட்கார்ந்து டீ குடிப்பார்களாம். அதையே இங்கே நம் இடைப்பலகாரத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்று ஆசை. நாலரைக்கு ஆரம்பித்து விளக்கு வைத்த பிறகும் நடக்கும். பின்கட்டுக்கு அந்தப் பக்கம் புல் போட்டிருக்கிறார்கள், சுற்றி முழுக்கச் செம்மண். வாட்ஸப் அழைப்பில் 'கார்டன் பார்ட்டி ஸ்டைல்' என்று வேறு போட்டுவிட்டார்.

வானத்தை நம்ப முடியவில்லை, அதுதான் என் கவலை. போன வாரம் நாலு மணிக்குக் கண்ணைக் கூசும் வெயில், ஐந்தரைக்கு இடி, ஆறு மணிக்கு மறுபடி வானம் வெளுத்து ஒரே புழுக்கம். இளம்பச்சையில் ஆர்கன்சா சேலை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதற்கு ஏற்ற மாதிரி மூன்று அங்குல ஹீல்ஸும் உண்டு. கட்டலாமா? மழை வந்தாலும் பார்க்கும்படியாக இருக்க வேண்டும், அதே சமயம் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரியும் இருக்கக் கூடாது. வயது 34, சேலை, சுடிதார் எல்லாம் பழக்கம்தான்.

பள்ளத்தூர் ஆச்சி:

அந்த ஆர்கன்சாவை மடித்துப் பீரோவில் வை ஆத்தா. ஏசி ஹாலில் கட்ட வேண்டிய துணி அது. பட்டு ஆர்கன்சாவாக இருந்தால் நாலு சொட்டு விழுந்ததும் விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் நிற்கும். பாலியெஸ்டராக இருந்தால் தடம் விழாது, ஆனால் மழைக்கு முந்தைய அந்தப் புழுக்கத்திலேயே முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

சேலையைப் பிறகு பார்க்கலாம், முதலில் காலைக் கவனி. ஹீல்ஸ் போட்டுக்கொண்டு அந்த உயரத்துக்குக் கொசுவம் வைத்துக் கட்டுவாய். மழை வந்தால் எல்லாரும் எங்கே ஓடுவோம்? வீட்டுக்குள்ளே. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நம் வீட்டுக்குள் யார் நுழைகிறார்கள்? கழற்றிய நொடியில் சேலை மூன்று அங்குலம் தரையில் இழுபடும். அது வரைக்கும் செம்மண்ணில் நடந்து வந்த கரை வேறு. முற்றத்தைச் சுற்றிய வளவில் சாரல் அடித்து ஆத்தங்குடித் தரைக்கல் ஈரமாகியிருக்கும், கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிற கல்லுக்கு வழவழப்பைக் கேட்கவா வேண்டும், வெறுங்காலோடு நடந்தாலே பார்த்து நடக்க வேண்டும், இதில் இழுபடுகிற கரையை மிதித்தால் கதை முடிந்தது. அதனால் வெறுங்கால் உயரத்துக்கே கட்டு, கணுக்கால் தெரிகிற மாதிரி. தட்டைச் செருப்பு, பின்னால் வார் உள்ளது, லேசில் கழற்றி மாட்டுகிற மாதிரி. புல்லில் கூர்மையான ஹீல்ஸ் இறங்கும் என்பது தனி.

கட்டுவதற்கு என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பருத்திக் கைத்தறிக் கண்டாங்கிதான். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறம், பெரிய கட்டம், பட்டைக் கரை. சாயங்கால வெயிலில் புல்லுக்கு நடுவே அந்த நிறம் நிற்கிற நிற்பே வேறு, பூப்போட்ட வெளிர் சேலை பத்துப் பேர் கட்டி வருவார்கள், பார். எங்கள் ஆயா காலத்தில் இதை உயர்த்திப் பின்கொசுவம் வைத்துத்தான் கட்டினார்கள், முன்னால் தடுக்காது, வேலை செய்யலாம், காலில் போட்டிருக்கிற தண்டையும் தெரியும். உனக்குப் பின்கொசுவம் கட்டத் தெரிந்தால் கட்டிப் பார், அழைப்பில் போட்ட ஸ்டைல் எல்லாம் அதற்கு முன்னால் நிற்காது.

உள்பாவாடை பருத்தியாக இருக்கட்டும், சாட்டின் வேண்டாம். முந்தானையைத் தோளில் மடித்து இரண்டு ஊக்கு குத்து. மழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று வரும் பார், அதில் விரித்து விட்ட முந்தானை நேரே டீக் கோப்பைக்குள்தான் போகும். கழுத்தில் ஒன்றுமே வேண்டாம், காதில் மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு.

தறிச்சத்தம்:

ஆச்சி சொன்னதில் முக்கால்வாசி சரி. சேலைக் கடையில் நிற்கிறவன் என்பதால் மீதியை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2019இல் காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கட்டம் போட்ட எல்லாச் சேலையையும் கண்டாங்கி என்றே விற்கிறார்கள், அதைக் கவனியுங்கள். அசல் கைத்தறியிலும் நூல் நம்பர் பார்த்து எடுக்க வேண்டும். 40ஆம் நம்பர் நூல் என்றால் பழைய மாதிரி கனமான சேலை. உழைக்கும், மடிப்பு நிற்கும், ஆனால் நன்றாக நனைந்துவிட்டால் ஈரச் சாக்கைச் சுமக்கிற மாதிரிதான், அன்றைக்குள் காயாது. 60, 80 என்று நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. மழை வருமோ வராதோ என்கிற நாளுக்கு 80 எடுங்கள், நனைந்தாலும் முறுக்கிப் பிழிந்து காற்றில் விட்டால் சீக்கிரம் உலரும். கட்டமும் கரையும் அதிலும் அதே அழகுதான்.

அடுத்தது சாயம். புதுச் சேலையை அப்படியே கட்டிக்கொண்டு போய் மழையில் நிற்காதீர்கள். அரக்குச் சேலைக்கு வெண்ணெய் நிற ரவிக்கை போடுவார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நனைந்ததும் இடுப்புப் பக்கம் ரோஸ் நிறத்தில் வழிந்திருக்கும். கட்டுவதற்கு முன்னால் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும், நிழலில் உலர்த்துங்கள். கல் உப்புப் போட்டு ஊற வைக்கச் சொல்வார்கள், போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உப்பு போட்டாயிற்றே என்று அலசுவதைக் குறைக்க வேண்டாம்.

கஞ்சியும் அளவாக. மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை காய்ந்த நாளில் ராஜா, ஈரக் காற்று பட்டதும் தொய்ந்து பிசுபிசுக்கும். நீர்த்த கஞ்சி போதும்.

ரவிக்கைக்கு ஒரு வார்த்தை: சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் வேண்டவே வேண்டாம், அக்குள் வியர்வையை ஊருக்கே காட்டும். வெள்ளை, கறுப்பு, இல்லையென்றால் பொடி அச்சு போட்ட துணி.

லீட்ஸ் வாசி:

தங்கச்சி, நான் தேவகோட்டைதான், இப்போது இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். உன் அண்ணமிண்டி சொல்கிற பார்ட்டிக்கு இங்கே நானும் போவதுண்டு. அதை அப்படியே அங்கே இறக்குமதி செய்தால் வெந்து போவாய். இங்கே ஏப்ரலில் பகலுக்கே 12 டிகிரி, காலையில் வெயில், மத்தியானம் தூறல், நடுவில் ஆலங்கட்டி கூட விழும். அதனால் மெல்லிய கவுன் மேல் கார்டிகன், அதற்கு மேல் டிரெஞ்ச் கோட் என்று அடுக்கி, வெயில் வந்தால் ஒன்று ஒன்றாகக் கழற்றுவார்கள். அந்தக் கோட்டுக்கான காபர்டீன் துணியே இந்த ஊர் மழைக்காகத்தான் வந்தது, 1879இல் தாமஸ் பர்பெரி செய்தது. குளிர்கிற ஊருக்கு அது சரி. பங்குனியில் 36, 37 டிகிரியில் அடுக்கடுக்காகப் போட்டால் யார் தாங்குவது? பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் பற்றி நினைக்கவே நினைக்காதே, வெளியே மழை, உள்ளே வியர்வை, இரண்டிலும் நனைவாய்.

இவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு இருக்கிறது. புல்லில் பார்ட்டி என்றால் விவரம் தெரிந்தவர்கள் ஊசி ஹீல்ஸ் போட மாட்டார்கள், அகலக் கட்டை ஹீல்ஸோ வெட்ஜோதான், ஆச்சி சொன்ன காரணமேதான். அப்புறம் குடை. இவர்கள் குடையைப் பையில் ஒளித்து வைப்பதில்லை, உடையோடு சேர்த்து யோசிக்கிறார்கள். நீயும் அந்த மூன்றாக மடங்குகிற குடையை விட்டுவிட்டு, வளைந்த மரப்பிடி வைத்த நீளக் கறுப்புக் குடை, நம் ஐயாக்கள் பிடித்தது, அதை எடுத்துப் போ. நாலரை மணி வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும், அரக்குக் கண்டாங்கிக்குப் பக்கத்தில் ஜோராக இருக்கும். இடி இடித்தால் மட்டும் குடையும் வேண்டாம், புல்லும் வேண்டாம், நேரே வீட்டுக்குள் வந்துவிடு.

தொப்பியை அண்ணமிண்டிக்கே விட்டுவிடலாம். நமக்குக் கொண்டையும் ஒரு முழம் மல்லிகையும் போதும்.

குன்றக்குடி ரோடு:

எல்லாரும் சேலையிலேயே நிற்கிறீர்களே. அக்கா சுடிதாரும் பழக்கம் என்றுதானே எழுதியிருக்கிறார்கள். கண்டாங்கித் துணியை எடுத்து முழங்காலுக்குக் கீழே வருகிற நீள டாப்பாகத் தைத்து, கணுக்காலுக்கு மேல் நிற்கிற பருத்திப் பேன்ட் போட்டால் செம்மண் கறைக்கு வேலையே இல்லை, ஓட வேண்டுமென்றால் ஓடலாம், ஊக்கும் வேண்டாம். கார்டன் பார்ட்டி கவுனுக்கும் அதுதான் கிட்டத்தில் வருகிறது. சனிக்கிழமைக்குள் தைத்துக் கொடுக்கிற டெய்லர்தான் கிடைக்க வேண்டும். துணியை அலசிவிட்டு வெட்டக் கொடுங்கள், இல்லாவிட்டால் சுருங்கும்.

இன்னொன்று, கைப்பை. கொட்டான், அதுதான் பனையோலைக் கூடை, சின்னதாக, மூடி வைத்தது ஒன்று எடுத்துப் போங்கள், போட்டோவில் எடுக்கும். உள்ளே போனுக்கு ஒரு ஜிப் கவர், ஒரு கைத்துண்டு, நாலு ஊக்கு. நனைந்தால் வந்ததும் நிழலில் நன்றாகக் காயப் போடுங்கள், ஈரத்தோடு வைத்தால் ஓலை பூஞ்சணம் பூத்துவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:

@குன்றக்குடி ரோடு கொட்டான் நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. நீள டாப் போடுவதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் தம்பி, ஆனால் பெரிய வீட்டில் நாலு கிழவிகள் முகப்பில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும், நீ இல்லை.

நாலு முழம்:

ஆம்பிளைகளுக்கும் யாராவது சொல்லுங்களேன். வீட்டில் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், சூட் போடச் சொல்கிறாள்.

தறிச்சத்தம்:

@நாலு முழம் சூட்டா, இந்தப் புழுக்கத்திலா? வேட்டி கட்டுங்கள் அண்ணே. மழை வந்தால் மடித்துக் கட்டிக்கொள்ளலாம், எந்தப் பேன்ட்டுக்கு அந்த வசதி இருக்கிறது? தூய வெள்ளையை விடப் பழுப்புச் சாயல் உள்ள கோரா வேட்டி எடுத்தால் செம்மண் அவ்வளவாகத் தெரியாது. மேலே லினன் அரைக்கைச் சட்டை, இஸ்திரி கலைந்தாலும் லினன் கலைந்தே அழகு. கரும்பச்சை, காவி, நீலம் எதுவும் பொருந்தும்.

செக்காலைக்காரி:

அப்பாடா, எல்லாருக்கும் நன்றி. ஹீல்ஸைக் கழற்றிய பிறகு சேலை இழுபடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை ஆச்சி. எங்கள் ஆத்தாவிடம் பழைய கண்டாங்கி இருக்கிறது, கறுப்பில் கடுகுக் கட்டம், பல தடவை துவைத்து மெத்தென்று ஆனது, சாயம் போகிற பயமே இல்லை. அதற்கு வெள்ளையில் முழங்கை வரைக்கும் வருகிற ரவிக்கை. பின்கொசுவம் நேற்று ஆத்தா கட்டிக் காட்டினார், நடக்கும்போது முன்னால் காலைத் தடுக்காதது பெரிய விடுதலை, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் பின்னால் மூட்டையாக நிற்கிறது. இதற்கு என்ன செய்வது? இன்னொன்று, செம்மண் கறை பட்டால் பழைய சேலையாயிற்றே, எப்படிப் போக்குவது?

பள்ளத்தூர் ஆச்சி:

கொசுவத்தைத் தடிமனாக வைத்திருப்பாய். மடிப்பைக் குறைத்து அகலமாக வை, உட்காரும் முன் கையால் ஒரு பக்கம் தள்ளிவிட்டு உட்கார். எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

செம்மண் பட்டால் அங்கேயே ஈரக் கையால் தேய்த்துவிடாதே, அந்தச் சிவப்பு நூலுக்குள் இறங்கிவிடும். அப்படியே காயவிடு. மறுநாள் காய்ந்த மண்ணை உதறி, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தட்டி எடு, அப்புறம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து சோப்புப் போட்டு அலசு. கறை முழுக்கப் போவதற்குள் இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே, சூடு பட்டால் அப்புறம் எடுப்பது கஷ்டம்.

அப்படியே அண்ணமிண்டியிடம் சொல்லி வை, வெள்ளைப் பணியாரத்துக்கு மிளகாய்த் துவையல் வைப்பார்கள் இல்லையா, அதைத் தனித்தனிச் சின்னக் கிண்ணத்தில் வைக்கட்டும். காற்றில் நின்றுகொண்டு ஒரே தட்டில் எல்லாவற்றையும் வைத்துச் சாப்பிட்டால், மழை செய்யாததை அந்த எண்ணெய் செய்துவிடும் உன் வெள்ளை ரவிக்கைக்கு.