மணல்ல பழுப்பு இழை, பாறையில பச்சை முடி... சின்ன ரீஃப் டேங்க்ல என்ன பாசி இது?

பெரம்பூர்_நானோ:
வணக்கம் எல்லாருக்கும். 2 அடி கடல் தண்ணி டேங்க், பாறை மணல் போக சுமாரா 60 லிட்டர் தண்ணி நிக்கும். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கோபி மீன், பவள வகையில கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம், லெதர் அவ்ளோதான். ஆறேழு மாசமா நல்லா ஓடிட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டு மூணு வாரமா மணல் மேல பழுப்பா ஒண்ணு படருது, மதியத்துக்கு மேல இழை இழையா நீண்டு நுனியில காத்துக் குமிழி மாட்டிட்டு நிக்குது, டியூப் வச்சு உறிஞ்சி எடுத்தா மறுநாளே திரும்ப வந்துடுது. ஆனா காலையில லைட் போடுறதுக்கு முன்னாடி பாத்தா மணல் கிட்டத்தட்ட சுத்தமா இருக்கு, அதான் குழப்பமே. இது போக பின்னாடி பாறை ஓரத்துல பச்சையா முடிப்பாசி ஒரு கைப்பிடி அளவு இருக்கு.

டெஸ்ட் பண்ணதுல நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, உப்புத்தண்ணி அடர்த்தி 1.025, மதியம் சூடு 29-30, மேல ஃபேன் ஓடுது, ஆவியாகி குறையுறதுக்கு ஊத்துற டாப் அப் வீட்டு ஆர்ஓ தண்ணி. கடையில கேட்டதுக்கு பாஸ்பேட் ரிமூவர் போடுங்க, வாரம் ரெண்டு தடவை தண்ணி மாத்துங்க, தீனிய குறைங்கன்னு சொன்னாங்க. அதெல்லாம் செஞ்சும் இன்னும் ஜாஸ்தியாதான் ஆகுது, ஒரு டர்போ நத்தை வேற செத்துப் போச்சு. ரெண்டும் 0 காட்டுதுன்னா இது எதை தின்னு வளருதுன்னே புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஈசிஆர்_உப்புத்தண்ணி:
ப்ரோ எனக்கு சயனோ மாதிரி தோணுது. குமிழி வருதுன்னா பாதி நேரம் அதுதான். 3 நாள் லைட்ட ஆஃப் பண்ணி டேங்க்க துணி போட்டு மூடிடுங்க, அப்பவும் போகலன்னா எரித்ரோமைசின்.

வேளச்சேரி_ரீஃப்:
தம்பி, எரித்ரோமைசின் இப்போதைக்கு தொடவே தொடாதீங்க. சயனோ பாக்டீரியா வகை, அதனால ஆன்ட்டிபயாட்டிக்ல போகும், ஆனா நீங்க சொல்றது சயனோ மாதிரி இல்ல. சயனோன்னா பெரும்பாலும் கருஞ்சிவப்பா பாய் விரிச்ச மாதிரி படிஞ்சிருக்கும், ஒரு ஓரத்த கிள்ளி இழுத்தா தகடா உரிஞ்சு வரும். உங்களுது பழுப்பு, இழை, நுனியில குமிழி, ராத்திரி காணாம போகுது, நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் 0, நத்தை சாவு. இது அத்தனையும் சேந்து வந்தா முதல் சந்தேகம் டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமா டைனோ, கண்ணுக்குத் தெரியாத ஒத்த செல் உயிரு) மேலதான். 2019 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி திருவான்மியூர் பக்கம் அலையெல்லாம் நீலமா மின்னுச்சுல்ல, அந்த நாக்டிலூகாவும் டைனோ கூட்டத்துல ஒண்ணுதான், ஆனா நம்ம டேங்க்ல வர்ற வகை வேற.

மருந்து எதுவும் போடுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க, செலவே இல்ல. மதியம் நல்லா இழை விட்டிருக்கும்போது கொஞ்சம் உறிஞ்சி டேங்க் தண்ணியோட ஒரு சின்ன பாட்டில்ல போட்டு மூடி நல்லா குலுக்குங்க, இழையெல்லாம் உடைஞ்சு தண்ணி கலங்கணும். அத கிச்சன் டிஷ்யூல வடிகட்டி ஒரு கண்ணாடி கிளாஸ்ல பிடிங்க (நம்ம வீட்டு காபி ஃபில்டர்ல வடிகட்டாதீங்க, ஓட்டை பெருசு, எல்லாமே இறங்கிடும்). வடிஞ்ச தெளிஞ்ச தண்ணிய ஒரு மணி நேரம் லைட்டுக்கு கீழ வைங்க. டைனோன்னா தாள் வழியா தனித்தனி செல்லா இறங்கினது திரும்ப ஒண்ணு சேந்து கிளாஸ்ல இழையா கட்டிக்கும். சயனோவும் டயாட்டமும் (சிலிகேட்ல ஓடு கட்டுற ஒத்த செல் பாசி) அப்படி சட்டுனு ஒட்டிக்காது. பண்ணிட்டு சொல்லுங்க.

அடையார்_சம்ப்:
நல்ல டெஸ்ட் அது. நான் தண்ணி பத்தி மட்டும் சொல்றேன். ஃபேன் ஓடுதுன்னு சொல்றீங்க, 60 லிட்டர் டேங்க்ல ஃபேனோட தினம் ஒரு லிட்டர் ஆவியா போகும்னு வச்சுப்போம், ரெண்டு மாசத்துல 60 லிட்டர், அதாவது ஒரு முழு டேங்க் அளவு டாப் அப் தண்ணி உள்ள போயிருக்கும். போற ஆவி சுத்தமான தண்ணி, அதுல இருந்த அழுக்கு மட்டும் உள்ளயே தங்கிடும். வீட்டு ஆர்ஓல பெரும்பாலும் குடிக்க ருசியா இருக்கணும்னு டிடிஎஸ் அட்ஜஸ்டர் வால்வு வச்சு கொஞ்சம் பச்சைத் தண்ணிய கலந்து விடுவாங்க, இல்லன்னா மினரல் கேட்ரிட்ஜ் இருக்கும். டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாருங்க, 50க்கு மேல காட்டும். போர் தண்ணி வீடா இருந்தா இன்னும் மோசம். மெம்பரேன்ல இருந்து நேரா வர்ற பைப்புல ஒரு டி போட்டு டிஐ ரெசின் (மிச்சமிருக்குற உப்ப பிடிக்கிற மணி) கேட்ரிட்ஜ் மாட்டுங்க, மீட்டர் 0 காட்டணும். ஒண்ணு கவனிங்க, ரெசின் தீர ஆரம்பிக்கும்போது முதல்ல நழுவுறது சிலிகேட்தான், அத மீட்டர் சரியா காட்டாது, அதனால 0 காட்டினாலும் ரொம்ப நாள் இழுக்காம மாத்திடுங்க.

பெரம்பூர்_நானோ:
அக்கா டெஸ்ட் பண்ணிட்டேன். வடிகட்டினப்ப தண்ணி தெளிவா இருந்துச்சு, முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து பாக்குறேன், கிளாஸ் நடுவுல பழுப்பா நூல் நூலா கட்டி ஒரு கொத்து மிதக்குது, அதுல சின்னச் சின்ன குமிழி வேற. அப்போ டைனோதானா? பாஸ்பேட் ரிமூவர எடுத்துடவா?

வேளச்சேரி_ரீஃப்:
டைனோதான். ரிமூவர இன்னைக்கே எடுத்துடுங்க. உங்க முதல் கேள்விக்கும் பதில் இதுலதான் இருக்கு. நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் 0க்கு போனா நல்ல பாக்டீரியா, டயாட்டம், பவளத்துக்குள்ள இருக்குற பாசி எல்லாம் பட்டினி கிடக்கும், மணல்ல இடம் காலியாகும். டைனோ வகைகள் பல வெளிச்சத்துலயும் வளரும், பாக்டீரியாவ பிடிச்சும் தின்னும், அதனால பஞ்சத்துல மத்ததெல்லாம் சுருங்கும்போது இது மட்டும் தாக்குப் பிடிக்கும். முடிப்பாசிக்கு சொல்ற வைத்தியத்த இதுக்கு செஞ்சா இது கொழுக்கத்தான் செய்யும். கடையில சொன்னது பொதுவா சரியான யோசனைதான், ஆனா இந்த வியாதிக்கு நேர் எதிர்.

தண்ணி மாத்துறத நிறுத்துங்க, மாத்த மாத்த டைனோ இன்னும் பொங்குறத பல பேர் பாத்திருக்காங்க. மீனுக்கு தீனிய பழையபடி போடுங்க, இன்னும் கொஞ்சம் கூடவே போடலாம். நைட்ரேட் 5லேர்ந்து 10, பாஸ்பேட் 0.1 பக்கத்துல நிக்கணும், தீனியில மட்டும் ஏறலன்னா பிளான்ட்டட் டேங்க் ஆளுங்க போடுற பொட்டாசியம் நைட்ரேட் வாங்கி கரைச்சு விடுங்க. 60 லிட்டருக்கு 2 பிபிஎம் ஏத்த சுமாரா 0.2 கிராம் போதும், ஒரே நாள்ல கொட்டாம தினம் கொஞ்சமா டெஸ்ட் பண்ணிப் பண்ணி ஏத்துங்க. ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கட்டும், டைனோவுல சில வகை விஷம் விடும், அத பிடிக்க அது வேணும். நத்தை செத்தது அந்த விஷத்தாலயா இருக்கலாம், அதனால புதுசா நத்தை வாங்கி விடாதீங்க, பாவம்.

அடுத்து எந்த வகைன்னு தெரியணும். ஆஸ்ட்ரியாப்சிஸ்னா ராத்திரி மணல விட்டு தண்ணியில மிதக்க கிளம்பிடும், அதனால டேங்க்லேர்ந்து நேரா தண்ணி இழுத்து விடுற சின்ன யுவி லைட் மாட்டினா நல்லா பிடிக்கும், கூடவே ஈசிஆர் நண்பர் சொன்ன அந்த 3 நாள் இருட்டும் இதுக்கு உதவும். ஆம்ஃபிடினியம்னா மணலுக்குள்ளயே பதுங்கிக்கும், யுவி காசு வீண். மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஆஸ்ட்ரியாப்சிஸ் ஒரு முனை கூரா இருக்கும், கயிறு கட்டி விட்ட மாதிரி ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வரும், ஆம்ஃபிடினியம் வழுக்கிட்டு ஓடும். உங்களுது ராத்திரி காணாம போறதும் நத்தை செத்ததும் வச்சுப் பாத்தா ஆஸ்ட்ரியாப்சிஸ் பக்கம்தான் சாயுது.

அடையார் நண்பர் சொன்ன ஆர்ஓ விஷயம் கண்டிப்பா சரி பண்ணணும், ஆனா இந்த மாசமே அவசரம் இல்ல. சிலிகேட் வந்தா டயாட்டம் வளரும், டயாட்டம் மணல்ல இடம் பிடிச்சா டைனோவுக்கு இடம் குறையும். ஆம்ஃபிடினியத்துக்கு சில பேர் வேணும்னே சிலிகேட் போடுறாங்க.

ஈசிஆர்_உப்புத்தண்ணி:
சரி அக்கா, அந்த கிளாஸ் டெஸ்ட்டுக்கு அப்புறம் நானும் ஒத்துக்குறேன், டைனோதான். ப்ரோ, பின்னாடி பாறையில இருக்குற பச்சை என்ன வகை? ஒரு இழைய பிடுங்கி வெள்ளை தட்டுல தண்ணியோட விரிச்சு லென்ஸ்ல பாருங்க. நடுவுல தண்டு, ரெண்டு பக்கமும் இறகு வடிவத்துல கிளை இருந்தா பிரையாப்சிஸ். வெறும் நூலா இருந்தா சாதா முடிப்பாசி, டெர்பீசியா.

பெரம்பூர்_நானோ:
இறகு மாதிரிதான் இருக்கு ப்ரோ, பாத்ததும் தெரிஞ்சுது. இதுக்கும் சேத்து இப்பவே ஏதாவது போட்டுடவா?

ஈசிஆர்_உப்புத்தண்ணி:
இப்ப வேணாம். அது டைனோவோட தீனிக்கும் இடத்துக்கும் போட்டி போடுற செடி, இப்ப அத கொன்னா டைனோவுக்குதான் லாபம். டைனோ அடங்கி சில வாரம் நிலையா நின்னதும் ஃபுளுகோனசோல் (பூஞ்சைக்கு குடுக்குற மருந்து) போடலாம். லிட்டருக்கு சுமாரா 5 மில்லிகிராம் கணக்கு, உங்க டேங்க்குக்கு 150 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ரெண்டு வரும், பிரிச்சு பொடிய கரைச்சு விடணும். கார்பனையும் யுவியையும் எடுத்துட்டு ரெண்டு வாரம் விடணும். மெடிக்கல்ல சீட்டு கேப்பாங்க, அதுக்கு தயாரா போங்க. ஹைட்ரஜன் பெராக்சைடும் தடவலாம், ஆனா நம்ம ஊர் மெடிக்கல் பாட்டில் பெரும்பாலும் 6%, சரிபாதி ஆர்ஓ தண்ணி கலந்து 3% ஆக்கி, பாறைய வெளிய எடுத்து பாசி மேல மட்டும் பிரஷ்ல தடவி சில நிமிஷம் கழிச்சு கழுவிட்டு உள்ள வைக்கணும். கிளீனர் இறால் வச்சிருக்கவங்க பெராக்சைட டேங்க்ல ஊத்தவே கூடாது, தாங்காது.

அடையார்_சம்ப்:
ஜோவா ஒட்டியிருக்குற பாறைன்னா கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கோங்க ப்ரோ. சுடுதண்ணி ஊத்தி பாசிய கொல்லலாம்னு நினைச்சே பாக்காதீங்க, சில ஜோவாவுல பாலிடாக்சின் இருக்கு, அந்த ஆவிய இழுத்தா ஆஸ்பத்திரிதான்.

பெரம்பூர்_நானோ:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரே ஒரு கேள்வி, நல்ல உயிரு உள்ள பாறை போட்டா டைனோவுக்கு போட்டி வரும்னு படிச்சேன். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்க, கரையில கிடக்குற பவளப்பாறை ரெண்டு துண்டு கொண்டு வரச் சொல்லவா?

வேளச்சேரி_ரீஃப்:
வேண்டவே வேண்டாம் தம்பி. 1972 வனவிலங்கு சட்டத்துல பவளம் முதல் அட்டவணையில இருக்கு, கரையில செத்துக் கிடக்குறதுதானேன்னு எடுத்துட்டு வந்தாலும் கேஸ்தான், அதுவும் மன்னார் வளைகுடா ஓரம். மாட்டுறதுக்காக மட்டும் சொல்லல, அந்தக் கடல் நமக்கு வேணும். சிட்டி பக்கம் கடல் மண்ணோ தண்ணியோ எடுக்கவும் வேணாம், கூவம் அடையார் வாய்லயும், 2023 டிசம்பர்ல எண்ணெய் படர்ந்த எண்ணூர் பக்கமும் என்னென்ன கலந்திருக்கும்னு நம்மால சொல்ல முடியாது, மழை சீசன்ல உப்பும் இறங்கிடும்.

என் சம்ப்ல (டேங்க்குக்கு கீழ இருக்குற ஃபில்டர் தொட்டி) ரொம்ப நாளா கிடக்குற செராமிக் துண்டு ஒரு டப்பா இருக்கு, எல்லாத்துலயும் கோபிபாட் (குட்டிப் பூச்சி மாதிரி கடல் உயிரு) ஓடுது, பாதி தர்றேன். ஞாயித்துக்கிழமை காலையில வாங்க, மூடியுள்ள டப்பாவுல உங்க டேங்க் தண்ணி கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, துண்டு காயாம கொண்டு போகணும். முந்தின நாள் மதியம் அந்த இழைய ஒரு சின்ன பாட்டில்ல பிடிச்சு தனியா எடுத்துட்டு வாங்க, மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டு யுவி வாங்கணுமா வேணாமான்னு அங்கயே முடிவு பண்ணிடலாம்.