‘கமிஷனே இல்ல’ன்னு சொல்ற புக்கிக்கு லாபம் எங்கிருந்து வருது?

பாலக்கோட்டான்:
நம்ம தக்காளி மண்டியில பெட்டி இறக்கினா, சீட்டுல கமிஷன் தனி வரியா இருக்கும். கிரிக்கெட் பெட்டுல ரெண்டு டீமுக்கும் 1.90 ரேட், ஜெயிச்சா 100-க்கு முழுசா 190 கைக்கு வருது. பிடித்தம்னு எதையும் காணோம். 50-50 ஆட்டத்துக்கு நியாயமா 2.00 இருக்கணும், அதுக்கு 0.10 குறைச்சல், அப்ப கமிஷன் 10%-ஆ? சித்தப்பா பையன் ‘இதுல பிடித்தமே கிடையாது’ன்னு அடிச்சுச் சொல்றான். அவனுக்குப் புரியற மாதிரி கணக்கு வேணும்.

கிருஷ்ணகிரி கணக்கு:
10% இல்லைங்க, 5%. பிடித்தம் ரேட்டுக்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு ரேட்டாலயும் 100-ஐ வகுங்க. 100 ÷ 1.90 = 52.63. ரெண்டு பக்கமும் கூட்டினா 105.26. நியாயமான ரேட்டா இருந்தா சரியா 100 வரணும். அந்த 5.26 தான் புக்கி ஏத்தி வச்சது; 105.26-ல அது 5%.

பணமா பாருங்க. ரெண்டு டீம் மேலயும் தலா 10,000 விழுந்தா வசூல் 20,000. எது ஜெயிச்சாலும் கொடுக்கறது 19,000. மிச்சம் 1,000, அதாவது வசூல்ல 5%. தோத்தவன் பணத்துல இருந்துதான் இது போகுது, அதனால ஜெயிச்சவன் கண்ணுக்குப் பிடித்தமே தெரியாது. நூத்துக்கு 53 தடவை சரியா சொன்னாத்தான் கட்டறவன் கைநஷ்டம் இல்லாம நிக்க முடியும். 50-50 ஆட்டத்துல அது நடக்காது.

ஓசூர் ரமணி:
மேல சொன்னது ரெண்டு பக்கமும் சமமா பணம் விழுந்தா. நிஜத்துல அப்படி விழாது. நம்ம ஊர்ல சென்னை டீம் மேலதான் குவியும். அப்ப புக்கி அந்த ரேட்டை 1.90-ல இருந்து 1.75-க்கு இறக்கி, எதிர்ப்பக்கத்தை ஏத்துவான். பாசத்துக்குன்னு தனி விலை.

இன்னொண்ணு, ஏத்தி வச்சது ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்காது. 1.25, 3.75 ரேட்டை எடுத்துக்குங்க: 80 + 26.67 = 106.67. 3.75 ரேட் இருக்கற சின்ன டீமுக்கு உண்மையான வாய்ப்பு 23%-ன்னு வைங்க. அதுல 100 கட்டினா சராசரியா திரும்பறது 86.25. பெரிய டீம்ல 96.25. ‘கம்மியா கட்டி நிறைய அள்ளலாம்’னு ஆசை காட்டற பக்கம்தான் அதிகமா உறிஞ்சும்.

கிருஷ்ணகிரி கணக்கு:
சித்தப்பா பையன் நாலு மேட்சைச் சேர்த்து ஒரே பெட்டா கட்டறானான்னு கேளுங்க. 1.90-ஐ நாலு தடவை பெருக்கினா 13.03. நியாயமான 2.00-ஐ நாலு தடவை பெருக்கினா 16 வரணும். ஒரே சீட்டுல 18.5% போயிடுச்சு. ஜெயிச்ச பணத்தையே திரும்பத் திரும்பக் கட்டினாலும் இதே கதி: 1,000 ரூபாயைப் பத்து சுத்து விட்டா சராசரியா மிஞ்சறது 599.

பாலக்கோட்டான்:
புரிஞ்சுதுங்க. பெங்களூர் குதிரை ரேஸ்லயும் இதே கணக்குதானா?

ஓசூர் ரமணி:
அங்க டோட்னு சொல்ற கிளப் கவுண்டர்ல வேற முறைங்க. எல்லாப் பணமும் ஒரே குவியலா சேரும், கிளப் பங்கும் வரியும் முதல்லயே கழியும், மிச்சத்தை ஜெயிச்ச டிக்கெட்டுங்க பங்கு போட்டுக்கும். கடைசி ரேட் என்னன்னு கவுண்டர் மூடற வரைக்கும் தெரியாது. ஜிஎஸ்டி 2023 அக்டோபர்ல இருந்து 28%, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40%. லாபத்துக்கு மட்டும் இல்ல, கட்டற தொகைக்கே. ஆனா அது சட்டப்படி நடக்கறது. தம்பி ஆப்ல கட்டறான்னா, பணம் வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்தையே 2025 மத்திய சட்டம் தடை பண்ணியிருக்கு. அங்க ஜெயிச்ச பணம் வரலைன்னா போய்க் கேக்க இடம் கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.