ஹாஸ்ட் ரோடு மூடியாச்சு, ஃபாக்ஸ் போக வேற வழி இருக்கா? அவசரம்

கொங்குப்பையன் (இரவு 9:42)
கல்யாணம் ஆகி 12 நாள்தாங்க ஆகுது, ஹனிமூன் ட்ரிப்ல இருக்கோம். நாளைக்கு ஃபாக்ஸ் க்ளேசியர் ஊர்ல ரூம் போட்டாச்சு. இப்ப ரோடு மூடிட்டாங்கன்னு ரிசப்ஷன்ல சொல்றாங்க. மேப்ல மவுண்ட் குக்கும் ஃபாக்ஸும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு. அந்த வழியா குறுக்கால போயிடலாமுங்களா? வீட்டுக்காரி க்ளேசியர் பார்க்கணும்னுதான் இந்த ஊரையே கேட்டா. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

சேலம்_ரைடர் (9:49)
எந்த நாடு ப்ரோ? மணாலி பக்கமா?

வரைபடப்பித்தன் (9:53)
மவுண்ட் குக்னு எழுதியிருக்காரே, நியூசிலாந்து தென்தீவு. ஆனா இப்ப எந்த ஊர்ல இருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே. குயின்ஸ்டவுனா, வனாகாவா, இல்ல ஹாஸ்ட் தாண்டிட்டீங்களா? அதுக்கேத்த மாதிரி பதிலே மாறும்.

சேலம்_ரைடர் (9:55)
டயர் செயின் இருக்கா? அது இருந்தா எந்த ரோட்டுலயும் போயிடலாம்.

பழம்பயணி (10:02)
ஐந்து வருடமாக இங்கே ஒரே விஷயத்தைச் சொல்லி வருகிறேன். தென்தீவு போகிறவர்கள் மேற்குக் கரையை முதலில் முடித்துவிட வேண்டும். கடைசி நாட்களுக்கு வைத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரும். பழைய இழைகளை ஒருமுறை தேடிப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மலையைக் குறுக்கே கடக்கலாமா என்று கேட்பவர் வரைபடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

வரைபடப்பித்தன் (10:06)
ஐயா, புதுசா கல்யாணம் ஆனவர், ராத்திரி பத்து மணிக்குத் தவிச்சுக்கிட்டு இருக்கார். பாடம் அப்புறம் எடுக்கலாம்.

கொங்குப்பையன் (10:11)
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். வனாகாவுல இருக்கோம். ஹாஸ்ட் பாஸ்ல மண்ணு சரிஞ்சு, மரமும் விழுந்திருக்காம். இங்கயும் மழைதான். செயின் இல்லீங்க.

தென்தீவு_வாசி (10:20)
தம்பி, நான் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கேன். நவம்பர்ல இந்த ரோட்டுக்குச் செயின் வேண்டாம், அதை விட்டுடுங்க. பிரச்சினை மழையும் மண்சரிவும்தான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, திரும்புற ஃப்ளைட் எங்க இருந்து, என்னைக்கு?

கொங்குப்பையன் (10:24)
கிரைஸ்ட்சர்ச்ல இருந்துங்ணா. 18ஆம் தேதி மத்தியானம். காரையும் அங்கதான் விடணும். இன்னைக்கு 14.

சேலம்_ரைடர் (10:27)
அப்ப காலையில வரைக்கும் வெயிட் பண்ணுங்க ப்ரோ, எட்டு மணிக்கு ஜேசிபி வெச்சு அள்ளிட்டு திறந்துடுவாங்க. இல்லாட்டி மவுண்ட் குக்ல இருந்து ஹெலிகாப்டர்.

தென்தீவு_வாசி (10:48)
இந்த மழையிலயும் மேகத்துலயும் ஹெலிகாப்டர் எழும்பாது. ரோடும் மண்ணை அள்ளினதும் உடனே திறக்குற ரோடு இல்லை. மேல இன்னும் தொங்கிட்டு இருக்கிற பாறையைப் பகல் வெளிச்சத்துல பார்த்த பிறகுதான் விடுவாங்க. 2013 செப்டம்பர்ல டயானா அருவிப் பக்கம் சரிஞ்சப்போ ஒரு வேன் அடிச்சுட்டுப் போய் ரெண்டு பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல அந்த ரோட்டை ராத்திரியில மூடியே வெச்சிருந்தாங்க. அதனால கெஞ்சிக் கேட்டுக்கறேன், தடுப்பைச் சுத்திக்கிட்டுப் போகாதீங்க.

அடுத்தது குறுக்கு வழி. மவுண்ட் குக்குக்கும் ஃபாக்ஸுக்கும் நடுவுல இருக்கிறது தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர். காகம் பறந்தா கொஞ்ச தூரம்தான், ஆனா ரோடு கிடையாது. மலையைக் கடக்குற ரோடு தெற்கே ஹாஸ்ட் பாஸ், வடக்கே ஆர்தர்ஸ் பாஸ், அதுக்கும் மேல லூயிஸ் பாஸ், இவ்வளவுதான். வனாகாவுல இருந்து ஆர்தர்ஸ் பாஸ் சுத்தி ஃபாக்ஸ் போனா சுமார் 750 கிலோமீட்டர், பத்து மணி நேரம் ஓட்டணும். அந்தப் பக்கமும் இதே மழைதான்.

நான் உங்க இடத்துல இருந்தா ஃபாக்ஸை விட்டுடுவேன். நாளைக்குக் காலையில லிண்டிஸ் பாஸ், ஒமராமா வழியா ட்வைசல் போங்க. சுமார் 140 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. டாஸ்மன் கடல்ல இருந்து வர்ற காத்து ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவுல கொட்டிட்டு வறண்டுதான் கிழக்கே இறங்கும். டெகாபோவுல வருஷம் முழுக்கப் பெய்யறதே 600 மில்லிமீட்டர் சொச்சம். ஆனா மவுண்ட் குக் கிராமம் மலையடியிலயே இருக்கு, வடமேற்குக் காத்து அடிக்கிற அன்னைக்கு அங்கயும் மழை தாண்டி வந்துடும். அதனால நாளைக்கே அங்க ஓடாம, புகாகி, டெகாபோ ஏரிங்களோட நிறுத்திக்குங்க. இந்த மாசம் லூபின் பூத்திருக்கும். மழை விட்டதும் 65 கிலோமீட்டர் உள்ள போய் டாஸ்மன் க்ளேசியர் பாருங்க. நாட்டுலயே நீளமானது அதுதான். முந்நூறு படிக்கு மேல ஏறினா ஏரியும் அதுல மிதக்குற பனிக்கட்டியும் தெரியும்.

இன்னொண்ணு: ட்வைசல், டெகாபோ பக்கம் காத்து பயங்கரமா அடிக்கும். கார் கதவைத் திறக்கும்போது கையில கெட்டியா பிடிச்சுக்கோங்க. கதவு பின்பக்கம் மடங்கிப் போனா வாடகைக் கார் இன்சூரன்ஸ்ல பல இடத்துல கிடைக்காது.

வரைபடப்பித்தன் (10:55)
இதேதான். ரோடு மூடின அறிவிப்பை வாகா கோட்டாஹி (நியூசிலாந்து சாலைத்துறை) தளத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபாக்ஸ் ஹோட்டலுக்கு இப்பவே அனுப்புங்க. ட்ராவல் இன்சூரன்ஸுக்கும் அது உதவும்.

பழம்பயணி (11:03)
டாஸ்மனைத் தூரத்திலிருந்து பார்ப்பது வேறு, ஃபாக்ஸ் பனிப்பாறை அருகே நடந்து போவது வேறு. 2016-ல் நான் நேரில் போனவன், அதனால் சொல்கிறேன்.

தென்தீவு_வாசி (11:09)
ஐயா, 2019 நிலச்சரிவுல ஃபாக்ஸ் பள்ளத்தாக்குக்குள்ள போற ரோடே போயிடுச்சு. இப்ப அங்கயும் தூரத்துல இருந்துதான் பார்க்கணும். பக்கத்துல இருக்கிற ஃபிரான்ஸ் ஜோசஃப் க்ளேசியர்லயும் பனி மேல கால் வைக்கணும்னா ஹெலிகாப்டர்தான். நீங்க பார்த்தது நிஜம், ஆனா அது இப்ப அங்க இல்லை.

தமிழ்வாணி (11:15)
இழைக்கு நடுவே மன்னிக்கவும். ஃபாக்ஸ் 'பனிப்பாறை' இல்லை, பனியாறு. அது ஓடுகிறது, அந்தச் சரிவில் சில சமயம் ஒரே நாளில் மீட்டர் கணக்கில் கூட நகரும். உடைந்து ஏரியில் மிதப்பதுதான் பனிப்பாறை.

பழம்பயணி (11:19)
நாளிதழ்கள் எல்லாமே பனிப்பாறை என்றுதான் எழுதுகின்றன. வழக்கில் வந்த சொல்லை மாற்ற நாம் யார்?

தமிழ்வாணி (11:26)
பள்ளிப் புவியியல் பாடத்தில் பனியாறு என்றுதான் படித்தோம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், 2011 பிப்ரவரி கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் டாஸ்மன் முகப்பிலிருந்து சுமார் 3 கோடி டன் பனி உடைந்து ஏரியில் விழுந்ததை எப்படிச் சொல்வீர்கள்? பனிப்பாறையிலிருந்து பனிப்பாறை விழுந்தது என்றா?

சேலம்_ரைடர் (11:30)
நாங்க க்ளேசியர்னே சொல்லிக்கறோம்.

தென்தீவு_வாசி (11:41)
மாவோரி மக்கள் ஃபிரான்ஸ் ஜோசஃபை 'ஹினே ஹுகாதேரேயின் கண்ணீர்'னு சொல்றாங்க. பனிச்சரிவுல காதலனை இழந்தவ அழுத கண்ணீர் உறைஞ்சு ஆறாச்சுன்னு கதை. அவங்களுக்கும் அது ஆறாத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கு இதுல தமிழ்வாணி சொல்றதுதான் சரி.

பழம்பயணி (11:52)
சொல்லைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம். தம்பி, டாஸ்மன் ஏரியைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1970-களில் அங்கே சின்னச் சின்னக் குட்டைகள்தான் இருந்தன. பனி உருகி உருகித்தான் அந்த ஏரியே உண்டானது.

வரைபடப்பித்தன் (மறுநாள், மாலை 4:10)
கொங்குப்பையன், கிளம்பிட்டீங்களா? ஹாஸ்ட் இன்னும் மூடித்தான் இருக்குன்னு போட்டிருக்காங்க.

தென்தீவு_வாசி (மறுநாள், இரவு 8:35)
எங்க இருக்கீங்கன்னு ஒரு வரி போடுங்க தம்பி.

கொங்குப்பையன் (17ஆம் தேதி, மாலை 6:20)
சிக்னல், நேரம் ரெண்டும் கிடைக்கலைங்ணா, மன்னிக்கணும். ட்வைசல்ல ரெண்டு நாள் இருந்தோம், இப்ப டெகாபோ. ஃபாக்ஸ் ரூம் காசு திரும்ப வந்துடுச்சு. முதல் நாள் புகாகி ஏரியில காத்து ஆளையே தள்ளுச்சு. கதவைப் பிடிச்சுக்கச் சொன்னது ரொம்ப உதவுச்சுங்க. நேத்து வானம் தெளிஞ்சுது. டாஸ்மன் படி ஏறினோம். ஏரியில நாலஞ்சு பனிப்பாறை மிதந்துட்டு இருந்துச்சு. இவ ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்துட்டா, கிளம்ப மாட்டேன்னுட்டா. எல்லாருக்கும் நன்றிங்க.

மதுரை_மீனா (20ஆம் தேதி, காலை 7:15)
ட்வைசல்ல எங்க தங்கினீங்க? நாங்க டிசம்பர் கடைசியில போறோம். வெஜ் சாப்பாடு கிடைக்குமா?