‘விதை வங்கி’ வேண்டாம், ‘விதையிருப்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மண்ணுக்குள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கும் விதைகளின் தொகுப்பை ஆங்கிலத்தில் ‘சாயில் சீட் பேங்க்’ (soil seed bank) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘மண் விதை வங்கி’ போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. விதை வங்கி என்றதும் மரபு நெல்லைச் சேர்த்து வைத்துத் தரும் இடம்தான் நினைவுக்கு வருகிறது. மண்ணுக்குள் கிடக்கும் விதையை யாரும் போட்டு வைக்கவில்லை, யாரும் எடுத்துத் தரப்போவதுமில்லை.

ஒரு செடியை வைத்துச் சொல்கிறேன். டார்வினியா பைஃப்ளோரா, சிட்னியின் வட, வடமேற்குப் புறநகர்களை ஒட்டி வளரும் குறும்புதர். உயரம் 80 செ.மீ. வரைதான். பூக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் ‘பைஃப்ளோரா’. (‘டார்வினியா’ சார்லஸ் டார்வினைக் குறிப்பதன்று, அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வினை.) மேட்டு உச்சியில் களிப்பாறை முடிந்து ஹாக்ஸ்பரி மணற்கல் தொடங்கும் அந்த ஓரம்தான் இதன் வாழிடம். வீடு கட்டுவோருக்கும் சமதளமான அந்த உச்சிகளே பிடித்துப்போனதால், ஆஸ்திரேலியாவின் 1999ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இன்று இது ‘அழிவாய்ப்பு இனம்’.

காட்டுத்தீ வந்தால் வளர்ந்த செடி செத்துப்போகும். வேறு சில புதர்களைப்போல அடிக்கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்காது. மண்ணில் உறங்கும் விதைகள்தாம் தீயின் சூடு பட்டு விழித்து முளைக்கும். தீ அணைந்த கையோடு போய்ப் பார்த்தால் ஒரு செடிகூட இருக்காது, ஆனால் இனம் இருக்கும். ‘இருப்பு’ இதை அப்படியே பிடிக்கிறது. சரக்கையும் இருப்பு என்கிறோம், உளதாயிருத்தலையும் இருப்பு என்கிறோம்.

அப்புறம், இருப்பு என்றால் தீரக்கூடியது. முளைத்த கன்றுகள் பூத்து விதை உதிர்க்கும் முன்பே அடுத்த தீ வந்தால் தீர்ந்தது. வெகுகாலம் தீயே வராவிட்டாலும் ஆபத்துதான். செடிகள் 15, 20 ஆண்டுகளில் முதிர்ந்து மடிய, புது விதை விழாமல் பழையவை கெட்டுக்கொண்டே போகும். ‘விதையிருப்பு குறைந்தது’, ‘விதையிருப்பு மீண்டது’ என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறாது. ‘விதை வங்கி தீர்ந்தது’ என்று எழுத முடியுமா?

‘விதைக்குதிர்’ என்றும் சொல்லலாம், அழகான சொல். இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் குதிர் நாம் செய்து, நாமே தானியத்தைக் கொட்டி மூடுவது. வங்கிக்குச் சொன்ன குறை இதற்கும் உண்டு.

விதையிருப்பு மண்ணில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாங்க்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியின் வகைகள் பலவற்றில் விதைகள் கிளையிலேயே, மூடிய காய்க்குள் காத்திருக்கும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மண் விதையிருப்பு’, ‘கிளை விதையிருப்பு’ எனலாம். இரண்டாவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.