ப்ளாஷ் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

ஆம்பல்:
குழுவினருக்கு வணக்கம். பழைய பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகளின் தரம் பார்ப்பது பற்றி, சேகரிப்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் நிறுவனமான ஏர்பிக்ஸ் 1959இல் வெளியிட்ட காவற்படை இசைக்குழு பொம்மைகளில் தொடங்கி, 1970களின் மேட்ச்பாக்ஸ், அப்புறம் எஸ்கி நிறுவனங்களின் பொம்மைகள் வரை போகிறது. 'ப்ளாஷ்' ஒன்றுதான் இடறுகிறது. பொம்மையை வார்க்கும் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கசிந்து தாள்போல ஒட்டியிருக்குமே, அது. இப்போது என் மேசைமேல் பிரிட்டனின் எட்டாம் படைச் சிப்பாய் ஒருவன் நிற்கிறான். உயரம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. அக்குளிலிருந்து இடுப்புவரை சவ்வு விரிந்திருக்கிறது, பார்க்க வௌவால் மாதிரி இருக்கிறான். 'பிசிறு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

அச்சுக்காரன்:
பிசிறுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்பத்தூரில் பன்னிரண்டு வருடம் மோல்டிங் மெஷின் ஓட்டியவன் நான். இன்ஜினியர் முன்னால் ப்ளாஷ், எங்களுக்குள் பிசிறு. டை, அதாவது அச்சு, தேய்ந்தாலோ, மெஷின் அதை இறுக்கிப் பிடிக்காவிட்டாலோ வரும். இந்த வேலைக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

பொருநன்:
இருக்கிறது, ஆனால் எதற்கு? பிசிர் என்பது முதலில் நீர்த்துளி. அலை உடைந்து தெறிக்கும் திவலையைச் சங்கப் புலவர்கள் அப்படிச் சொன்னார்கள். வல்லின றகரம் பிற்பாடு ஏறியது என்பது என் கருத்து. பிசிராந்தையாரை நினைத்துக்கொள்ளுங்கள். புறநானூறு 215இல் கோப்பெருஞ்சோழன் அவரைப் 'பிசிரோன்' என்கிறான். அது ஊர்ப்பெயர் என்பார்கள். பாண்டிய நாட்டில் திவலை தெறிக்கும் கரையில் இருந்த ஊராக இருக்கலாமோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். அது கிடக்கட்டும். துளி வேறு, தகடு வேறு. 'கசிவிதழ்' என்று வையுங்கள். கசிந்தது, இதழ்போல் மெலிந்தது. அப்புறம் பிளாஸ்டிக்கை 'நெகிழி' என்று மாற்றிவிடுங்கள்.

நல்லூரான்:
பொருநன் ஐயா, அந்த நெகிழிக்கு ஒரு தமக்கை இருக்கிறாள், ஞெகிழி. சங்கப் பாட்டில் அவள் கொள்ளிக்கட்டை. கொள்ளியால் வார்த்த சிப்பாய் நல்ல சிப்பாய்தான்! எங்கட வீட்டில் அம்மா இன்னும் 'பிளாஸ்ரிக் வாளி' என்றுதான் சொல்லுவா.

பொருநன்:
தமக்கை இல்லை, முன்னோர். ஞகரம் நகரமாவதற்கு எத்தனையோ சான்று தரலாம். தனி மடலில் எழுதுகிறேன்.

வெள்ளாடு:
தனி மடலே நல்லது ஐயா. இப்போது பொம்மைக்கு வருவோம். பத்து வருடமாக இவற்றை வாங்கி வண்ணம் பூசுகிறேன். இந்தச் சொல் தவறினால் கையேடே தவறிவிடும், ஏனென்று சொல்கிறேன்.

ப்ளாஷ் சிற்பியின் குறை இல்லை, அச்சின் வயது. ஒரே அச்சைப் பல ஆண்டு கழித்து எடுத்து மறுபடி ஓட்டுவார்கள். அதனால் புதுப் பெட்டியில் இருப்பவன் பழைய பெட்டிக்காரனைவிட அசிங்கமாக இருப்பதுண்டு. ஏர்பிக்ஸ் தன் ஆப்பிரிக்கா கோர் (இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மன் படை) தொகுப்பை 1970களில் புதிதாகச் செதுக்கி வெளியிட்டது. பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது முகம், மடிப்பு, கால் நிற்கும் விதம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஓரத்தில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று பார்த்தால் அச்சுக்குத்தான் மதிப்பெண் போடுவீர்கள்.

இன்னொன்றையும் ப்ளாஷ் என்று நினைத்து ஏமாறுவார்கள். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி பிடித்தவனைப் பாருங்கள். துப்பாக்கிக்கும் சட்டைக்கும் இடையில் கட்டியாகப் பிளாஸ்டிக் அடைத்திருக்கும். இரண்டே பாதி அச்சில் உள்வாங்கிய பள்ளம் எடுக்க முடியாது. எடுத்தால் பொம்மை வெளியே வராது. அது அச்சு தேய்ந்ததால் வந்ததல்ல, முதல் நாளிலிருந்தே அப்படித்தான். அதற்கு 'அடைசல்' என்று தனியே ஒரு சொல் போடுங்கள்.

ஆம்பல்:
அடைசல் பிடித்திருக்கிறது, எடுத்துக்கொண்டேன். ஆனால் இன்று காலை பிசிறு என்னைக் கவிழ்த்துவிட்டது. இந்தப் பழைய சிப்பாய்கள் பாலித்தீன். ஜப்பானிய டாமியா நிறுவனத்தின் 1/35 அளவு ஆட்களைப் போலப் பாலிஸ்டைரீன் என்றால் கத்தி வைத்ததும் சுத்தமாக வரும். பாலித்தீனைச் சுரண்டினால் நூல்நூலாக எழும்புகிறது. அதைப் பற்றிய வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: "பிசிறை வெட்டினால் பிசிறு வரும்." என் மகள் படித்துவிட்டு, இது பழமொழியா என்று கேட்டாள்.

அச்சுக்காரன்:
ஹா ஹா. உண்மைதான், ரெண்டையும் பிசிறு என்றுதான் சொல்வோம். எதைச் சொல்கிறோம் என்று கையில் பொருள் இருப்பதால் தெரிந்துவிடும்.

வெள்ளாடு:
கையேட்டைப் படிப்பவர் கையில் பொருள் இருக்காதே. ப்ளாஷுக்குப் 'பிதுங்கல்' என்று வைக்கலாம். அச்சு அழுத்தத்தில் பிதுங்கி வெளியே வந்தது. சின்னப் பையனுக்கும் புரியும். பிசிறு நூலுக்கே இருக்கட்டும்.

பொருநன்:
பிதுங்கல் கண்ணுக்கும் தொப்பைக்கும் உரியது. நூலுக்கு 'துய்' இருக்க வேறெதற்கு? பஞ்சின் நுனி, மென்மயிர். குரங்கைத் 'துய்த்தலை மந்தி' என்றார்கள் அல்லவா? சுரண்டிய பாலித்தீனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

நல்லூரான்:
ஐயா, துய் என்று கண்டால் சனம் 'துய்த்து மகிழ்' என்றுதான் வாசிக்கும். சொல் அழகு. ஆனால் அதுக்கு உரை எழுதக் கையேட்டில் இடமில்லை.

அச்சுக்காரன்:
பிதுங்கல் வேண்டாம் தம்பி. நாளைக்கு ஒரு மோல்டிங் பையன் இதைப் படித்தால் சிரிப்பான். பிசிறு என்றால் உடனே பிடித்துக்கொள்வான்.

வெள்ளாடு:
மோல்டிங் பையன் படிப்பதற்கா கையேடு? வண்ணம் பூசுகிறவனுக்கு. வெட்டியபின் எழும் நூலை எடுக்காமல் பூசினால், பெயிண்ட் அதில் திரண்டு முகத்தில் மீசை முளைத்ததுபோல் ஆகும். அவனுக்கு எதை வெட்டுவது, எதை நீக்குவது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஆம்பல்:
வியாழன் இரவு பதினொன்று ஆகிவிட்டது. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் பிசிறுக்கு ஐந்து பேர், பிதுங்கலுக்கு இரண்டு, கசிவிதழுக்கு ஒருவர். ஆகவே ப்ளாஷ் பிசிறு. வெட்டினால் வருவதற்குக் கலைச்சொல்லே வேண்டாம், "நூல் எழும்பும்" என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன். சவ்வு விரித்த சிப்பாயின் படத்தையும் போடுகிறேன், அம்புக்குறியோடு. பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. மன்னிக்கவும், ஐயா.

வெள்ளாடு:
சரி. என் பிரதியில் பேனாவால் பிதுங்கல் என்று திருத்திக்கொள்கிறேன்.

பொருநன்:
நெகிழி போனதில் வருத்தமில்லை, துய் போனதில்தான். மந்தியின் தலை பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். விருப்பமுள்ளோர் அங்கே வரவும்.