இடது கால் மெதுவா? நிற்கிற காலைப் பாருங்கள்

கராத்தேயில் இடது காலால் உதைத்தால் வேகம் வரவில்லை என்று இங்கே இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். என்னிடம் நடந்ததைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் கராத்தே பழக்குகிறேன். வருகிற பிள்ளைகளில் ஒரு பெடியன் நாவாந்துறைப் பக்கம், 15 வயது, சின்னதிலிருந்தே உதைபந்தாட்டம். வலது கால் மவாஷி கெரி (பக்கவாட்டில் சுழற்றி அடிக்கிற உதை) பட்டென்று பயிற்சிப் பையில் விழும், இடதில் அதே உதை ஒரே இழுபறி. வலதில் 20 என்றால் இடதில் 40 என்று அடிக்க வைத்தேன். இரண்டு மாதம் போனது. கால் களைத்ததுதான் மிச்சம், பிள்ளை மனம் விட்டுவிட்டான்.

அப்புறம் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தோம், நொடிக்கு 240 படம். பாதம் தரையை விட்டதிலிருந்து பையைத் தொடும்வரை எண்ணினால் வலதுக்கு 74, இடதுக்கு 86. வித்தியாசம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் நிற்கிற கால் கண்ணில் பட்டது. வலதால் உதைக்கும்போது இடது குதி முழுசாகத் திரும்புகிறது, இடுப்பும் கூடவே வருகிறது. இடதால் உதைக்கும்போது வலது பாதம் பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மவாஷியில் வேகம் இடுப்பில் தொடங்கி தொடை, முழங்கால், பாதம் என்று வரிசையாக இறங்க வேண்டும், இடுப்பே திரும்பாவிட்டால் எங்கிருந்து வரும்? பந்தை வலதால் அடிக்கிறவன் வருசக்கணக்காக ஊன்றி நின்று பழகியது இடது காலில். வலது காலுக்கு அந்த வேலை வந்ததே இல்லை. இதை முதலே யோசிக்காமல் பிள்ளையை இரண்டு மாதம் வருத்திவிட்டேன்.

இடது உதையைக் குறைத்தோம். வலது காலில் மட்டும் நின்று இடது முழங்காலைத் தூக்கிப் பிடிப்பது, சுவரில் கை வைத்து வலது குதியைத் திருப்புவது, கிளாஸ் தொடங்க முன் பத்து நிமிடம், அவ்வளவுதான். ஐந்து கிழமையில் இடது உதை 86 படத்திலிருந்து 79 ஆகிவிட்டது.

மறுமொழி:

அண்ணா, எனக்கும் இதேதான், ஆனால் வேறு வழியால் வந்தது. போன வருசம் இடது கணுக்கால் சுளுக்கியது. ஆறின பிறகு மெதுவானது வலது உதை! நோகாத கால் ஏன் சோர்கிறது என்று மாஸ்டர் ஏசினார், நானும் வலது தொடைக்கே பயிற்சி செய்துகொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் விளங்குகிறது. ஒன்று கேட்க வேண்டும், சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு திருப்பினால் தோல் உரிகிறதே, என்ன செய்கிறீர்கள்?

மறுமொழி:

தங்கச்சி, குதியைக் கொஞ்சம் தூக்கி முன்பாதத்தில் நின்று திருப்புங்கள். முதல் கிழமை காலுறை போட்டுச் செய்யலாம், ஆனால் வழுக்கும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.