ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட், த கிவர்: 12 வயசுக்கு எது முதல்ல?

கயல்:
ஏழாம் வகுப்புப் பொண்ணு. ஹாரி பாட்டர், பெர்சி ஜாக்சன் எல்லாம் முடிச்சாச்சு. இப்ப ஹங்கர் கேம்ஸ் நாவல் மூணும் செட்டா வேணும்னு கேக்குறா. தோழிகள் கையில டைவர்ஜென்ட் சுத்துது. லெக்சைல் அளவு (வாசிக்க எவ்வளவு கஷ்டம்னு சொல்ற எண்) பார்த்தா டைவர்ஜென்ட் 700, த கிவர் 760, ஹங்கர் கேம்ஸ் 810. அப்ப டைவர்ஜென்ட்தான் சின்னப் பிள்ளைக்கு ஏத்ததா?

ஏட்டுச்சுரை:
லெக்சைலை வைத்து வயசை முடிவு பண்ணாதீங்க. வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை, இதைத்தான் அது அளக்கும். யார் எப்படிச் சாகிறார்கள் என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது.

டைவர்ஜென்ட் (2011) 700 வாங்கியது குட்டிக் குட்டி வாக்கியங்களால். உள்ளே இருப்பது வேறு. ராத்திரியில் ஒரு பையனின் கண்ணில் வெண்ணெய்க் கத்தியைச் செருகுகிறார்கள். மூன்று பையன்கள் கதாநாயகி ட்ரிஸைப் பிடித்துப் பள்ளத்தின் மேல் தொங்கவிடும்போது தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்கள். அந்த மூவரில் ஒருவனான அல் பிறகு தற்கொலை செய்துகொள்கிறான். இதில் எனக்கு நெருடுவது தற்கொலையை விட அதற்குப் பின் வரும் கூட்டம். தலைவன் எரிக் அதை வீரம் என்று மேடையில் புகழ்கிறான். ட்ரிஸ் கொதிக்கிறாள், உண்மைதான். ஆனால் கதை ஓட்டத்தில் பரபரவென்று புரட்டுகிற பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. 14 வயசுக்குத் தள்ளி வையுங்கள், அப்போதும் அந்த இடத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

ஹங்கர் கேம்ஸில் (2008) சாவு இன்னும் அதிகம். ஒருவரை ஒருவர் கொல்லும் போட்டிக் களத்தில் இறக்கிவிடப்படும் 24 பிள்ளைகளில் முதல் நாளே 11 பேர் காலி. ஆனாலும் 12க்கு முதல் பாகம் தாங்கும் என்பேன். கதாநாயகி கேட்னிஸ் எந்தச் சாவையும் கொண்டாடுவதில்லை. கூட்டாளிச் சிறுமி ரூ இறந்ததும் பூக்களால் அவளை மூடிவிட்டுத்தான் நகர்கிறாள். கடினமான இடம் 25ஆம் அத்தியாயம்: எதிராளி கேட்டோவை மிருகங்கள் இரவு முழுக்கக் குதறுவது. வாங்குமுன் அதை மட்டும் நீங்கள் படித்துப் பாருங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது.

மழைக்குருவி:
முதல் பாகத்துக்குச் சரி. செட்டா வாங்குறதுலதான் சிக்கல். ஒரே வாரத்துல மூணாவதுக்குப் போயிடுவாங்க. அந்த மூணாவது, மாக்கிங்ஜேல, முன்னாள் போட்டி வெற்றியாளன் ஃபின்னிக், தன்னை அதிபர் ஸ்னோ எப்படிப் பெரிய மனுஷங்களுக்கு விலை பேசினான்னு கேமரா முன்னாடி சொல்றான். கேட்னிஸோட களத்துல நின்ன பீட்டாவோட சித்திரவதை இருக்கு, குழந்தைங்க மேல குண்டு விழுது, அதுல கேட்னிஸோட தங்கச்சி ப்ரிம் போயிடுறா. யாருக்காக முதல் பாகத்துல கேட்னிஸ் களத்துக்கே போனாளோ, அவ. முதல் ரெண்டையும் தனித்தனியா வாங்கிக் கொடுங்க, மூணாவது 14ல.

“படம் பார்த்தாச்சே”ன்னு சொன்னாலும் நம்பாதீங்க. படத்துல கேட்டோ கதை சட்டுனு முடிஞ்சிடும். புத்தகத்துல விடியுற வரைக்கும் அவன் முனகலைக் கேட்டுக்கிட்டே உக்காரணும், அதுவும் கேட்னிஸ் தன் வாயால நிகழ்காலத்துல சொல்ற கதை.

ஏட்டுச்சுரை:
ஆமாம், செட் வேண்டாம்.

பனையோலை:
த கிவரை யாரும் தொடவில்லையே? 1993இல் வந்தது, மறு ஆண்டு அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம், 23 அத்தியாயம்தான். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் “சாதுவான புத்தகம்” என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். 5ஆம் அத்தியாயத்தில் பருவ ஆசையை அடக்கும் மாத்திரை வருகிறது, கேள்வி கேட்பாள். 15இல் ஒரு போர்க்கள நினைவு. 19இல் கதாநாயகன் ஜோனாஸின் அப்பா, இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததன் நெற்றி நரம்பில் ஊசி போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்துக் குப்பை போகும் வழியில் தள்ளி, கையசைத்து விடை கொடுக்கிறார். ரத்தமே கிடையாது. மூன்று நூல்களிலும் இதைவிட உறையவைக்கும் பக்கம் எனக்குத் தெரியவில்லை. அவள் அங்கே வரும் நாளில் வீட்டில் ஒருவர் பேச்சுக்குத் தயாராக இருக்கட்டும்.

முடிவு தொங்கலில் நிற்கும், பிள்ளைகளுக்குக் கோபம் வரும். ஜோனாஸ் என்ன ஆனான் என்பதற்கு அதே வரிசையில் பின்னால் வந்த மெசஞ்சர் (2004) வரை போக வேண்டும்.

கயல்:
சரி, கிவர் முதல்ல, அப்புறம் ஹங்கர் கேம்ஸ் ஒண்ணு. வீட்ல 9 வயசுத் தம்பியும் இருக்கான், கையில கிடைச்சதைப் படிப்பான்.

பனையோலை:
கிவரை அவனாலும் படிக்க முடியும், மொழி அவ்வளவு எளிது. 11 ஆகும்வரை எட்டாமல் வையுங்கள். அவனுக்கு, கிவரின் ஆசிரியர் லோயிஸ் லௌரியே எழுதிய நம்பர் த ஸ்டார்ஸ் (1989) கொடுங்கள். நாஜிப் பிடியில் இருந்த டென்மார்க், 10 வயசுப் பெண் ஒருத்தி யூதத் தோழியைக் காப்பாற்றும் கதை. பயம் இருக்கிறது, கொடூரக் காட்சி இல்லை.